மாதாவின் முகம்

இறந்து கிடந்த கணவன் தெவெனினின் விரல்களை அமெலின் வெந்நீரில் நனைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நகக்கண்ணில் ஏறியிருந்த நீல வண்ணம் போகவில்லை.

"விடுடி. கடவுளுக்கு இவன் கை தெரியாதாக்கும்? தோலை உரிச்சிராதே" என்றாள் அவனுடைய அக்கா ஊதின்.

துக்கத்துக்கு வந்த பெண்கள் ஒவ்வொருவராகக் கட்டிலருகே மண்டியிட்டார்கள். அமெலின் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

அகன்ற நெற்றி, மெல்லிய புருவம், சற்றே சாய்ந்த பார்வை. இருபத்திரண்டு வருடங்களாகத் தெவெனின் படம் தீட்டிய ஜெபப் புத்தகங்களில் எல்லாம் மாதாவுக்கு அந்த ஒரே முகம்தான். படங்களில் பொன் தகடு ஒட்டுவது அமெலினின் வேலை. பொன் பிடிக்க ஈரம் வேண்டும் என்று கீழ்த்தளத்தில் உட்கார்ந்து, முகம் வராத வெற்றிடத்தைச் சுற்றி ஒளிவட்டம் பதித்து மேலே அனுப்புவாள். கதவைச் சாத்திக்கொண்டு அவன் முகம் எழுதுவான். தாள் திரும்பி வரும்போது அவள் பதித்த பொன்னுக்குள் அந்தப் பெண் இருப்பாள். பாரிஸின் மீன் சந்தையில், பூசை முடிந்து கலையும் கூட்டத்தில் எல்லாம் அவளைத் தேடியாயிற்று. யார் என்று அவனிடம் கேட்டதில்லை. கேட்டால் சொல்லிவிடுவான் என்ற பயம்.

இன்றைக்காவது வராமலா இருப்பாள்?

மாலை மணி அடித்தது. கடைசிப் பெண்ணும் எழுந்து போனாள்.

"வந்தவளுக மூஞ்சியையெல்லாம் அப்படி என்னத்தப் பார்த்தே?"

"மதினி, அவர் எழுதுற மாதா... அவ யாரு?"

ஊதினுக்குச் சாவு வீட்டிலும் சிரிப்பு வந்துவிட்டது. மாடிக்குப் போய் ஒரு பழைய தோல் துண்டோடு வந்தாள். அதில் முகத்தின் வடிவில் வரிசையாக ஊசித் துளைகள்.

"இவதான். இவன் குரு கொடுத்த அச்சு. தாள்மேல வச்சுக் கரித்தூளைத் தட்டினா முகம் விழுந்துரும். இவன் தொழில் கத்துக்கிட்டப்ப நான்தான் கரி இடிச்சுக் கொடுப்பேன். யாருக்கும் காட்டக்கூடாதுன்னு குரு சத்தியம் வாங்கியிருந்தார். பொண்டாட்டிக்குமா காட்டலை, கிறுக்கன்!"

அமெலின் அந்தத் துளைகளை விரலால் தடவினாள்.

"உன் முகத்தை வச்சு ஒரு மாதா எழுதச் சொல்லி ஒருதடவை அவன்கிட்டச் சொன்னேன்."

"என்ன சொன்னார்?"

"புதுசா ஓட்டை குத்த ரெண்டு நாள் போயிரும்னான்."

மறுநாள் அடக்கம் முடிந்ததும் அமெலின் மேலே போய் அவனுடைய முக்காலியில் உட்கார்ந்தாள். அவள் பொன் பதித்து அனுப்பியதில் முகம் எழுதாத தாள் ஒன்று மிச்சமிருந்தது. பொன்னுக்கு நடுவே தோல் துண்டை வைத்துக் கரித்தூள் கட்டிய துணி முடிச்சால் மெல்லத் தட்டினாள். எடுத்தபோது நெற்றியும் புருவமும் உதடுகளும் கரும்புள்ளிகளாக விழுந்திருந்தன.

தூரிகையை எடுக்கவில்லை. ஜன்னல் காற்றில் புள்ளிகள் கலைந்துவிடாமல் இரண்டு கைகளாலும் அந்த முகத்தைச் சுற்றி அணைபோட்டபடி உட்கார்ந்திருந்தாள்.