மீட்டர் காட்டிய பன்னிரண்டே முக்கால்

ஒல்கீன் நகரத்தில் ஐந்தாம் மாடி வீடு. ஒடால்கிஸ் படியிறங்கித் தெருவுக்குப் போய் மாதக்கணக்காகிவிட்டது. கணவன் யூக்லிதெஸுக்கு நுரையீரல் போய்விட்டது. சுவரோரம் உறுமிக்கொண்டிருக்கும் ஆக்சிஜன் இயந்திரம்தான் மூச்சு. கரண்ட் எப்போது போகும் என்று கடவுளுக்கே தெரியாது. போன கணமே வயரைப் பிடுங்கி, லாரி பேட்டரியில் ஓடும் பழைய யூபிஎஸ்ஸில் செருக வேண்டும். அதைச் செய்ய அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

இன்று மகள் இஸ்மேரி நாட்டை விட்டே போகிறாள். பயாமோவிலிருந்து ஹவானா போகும் அவள் பேருந்து இங்கே அரை மணி நேரம் நிற்கும். அந்த அரை மணிக்காகத்தான் ஒடால்கிஸ் ரிலே ஒன்றைப் பொருத்தியிருந்தாள். கரண்ட் போனால் அதுவே பேட்டரிக்கு மாற்றிவிடும். கீழ்வீட்டு மிக்தாலியா துணைக்கு வந்து உட்கார்ந்தாள்.

"நான் எதையும் தொட வேண்டாமில்ல? வயரைப் பார்த்தாலே எனக்குப் பயம்டி."

"தொட்டுடாதே. பேட்டரில ஒரு மணி நேரம் ஓடும். அதுக்குள்ள வந்துடுவேன்."

"கிளம்பு கிழவி," என்றான் யூக்லிதெஸ். "உன் மூஞ்சியையே பார்த்துப் பார்த்து எனக்கு நோவு கூடிப்போச்சு."

"உன் மூஞ்சி மட்டும் என்னவாம், கிழவா?"

செருப்பை மாட்டியபடியே கடைசியாக ஒருமுறை பேட்டரியில் மீட்டரை வைத்தாள். பன்னிரண்டே முக்கால் வோல்ட். நிறைந்திருக்கிறது! மனசு துள்ளியது. உடனே துணுக்குற்றது. காலை முழுக்கக் கரண்ட் வந்து வந்து போனதே, அதற்குள் எப்படி நிறைந்தது?

மீட்டரின் மூலையில் சின்னதாக ஒரு பேட்டரிக் குறி. அந்த ஊரில் அதை யாரும் சட்டை செய்வதில்லை. மீட்டருக்குப் போடும் அந்தக் குட்டி பேட்டரி கடையில் கிடைத்தால்தானே? குறி பாட்டுக்கு இருக்கும், ஜனங்கள் பாட்டுக்கு அளப்பார்கள். ஆனால் தன் பேட்டரி தீரப்போகும் மீட்டர், இருப்பதை விடக் கூட்டிச் சொல்லும்.

லாரி விளக்கு ஒன்றைப் பேட்டரியில் தொட்டுப் பார்த்தாள். அணையப்போகும் சுருட்டு மாதிரி மங்கிச் சிவந்தது.

அந்த நேரம் பார்த்து, "போச்சுடா!" என்று கட்டிடமே கத்தியது. ரிலே டக்கென்று மாறியது. இயந்திரம் நிற்கவில்லை. அவள் செய்தது வேலை செய்தது.

"அதான் ஓடுதே, போயேன்டி!" என்றாள் மிக்தாலியா.

"எவ்வளவு நேரம் ஓடும்?"

யூக்லிதெஸ் இயந்திரத்தை நிறுத்தக் கை நீட்டினான். "நீ வர்ற வரைக்கும் சும்மா இருந்துக்கறேன். போ."

அவள் அந்தக் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். மகளை அழைத்துப் பார்த்தாள். கரண்டோடு சிக்னலும் போயிருந்தது. "உன் பையன்கிட்ட ஓடிப்போய்ச் சொல்லு மிக்தாலியா, கரண்ட்ல ஓடுற அவன் மொபெட்டுலேர்ந்து ஒரு பேட்டரியைக் கழட்டித் தரச் சொல்லு."

அந்தப் பேட்டரி படியேறி வரும்போது லாரி பேட்டரி செத்து, இயந்திரம் நின்று அலாரம் கூவத் தொடங்கியிருந்தது. யூக்லிதெஸின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. அவள் இரண்டு வயர்களையும் மாற்றி முடுக்கினாள். உறுமல் திரும்பியது.

வெகுநேரம் கழித்து அவன் சொன்னான்: "பஸ் போயிருக்கும்."

"பேசாதே. மூச்சை இழு."

செருப்பைக் கழற்றக்கூடத் தோன்றாமல், மொபெட் பேட்டரியின் பக்கத்தில் உட்கார்ந்து, மறுபடி அந்த விளக்கைத் தொட்டுப் பார்த்தாள்.