மச்சானின் முகமும் மாமாவின் காலும்

அது தன்னுடைய கால்தான், சந்தேகமே இல்லை, ஜாக்கி நழுவி விழுந்து கட்டைவிரல் நகம் பாதி கறுத்துப்போன கால் உலகத்தில் வேறு யாருக்கும் இருக்காதா என்ன, இருக்கலாம், ஆனால் அந்தக் கறுப்பு இப்படிக் கோணலாக, தூங்குகிற பல்லி மாதிரி படுத்திருக்குமா... டிவித் திரை முழுக்க அந்தக் கால், பிரேக் மேல், செருப்பில்லாமல், அடுத்த நொடி மச்சானின் முகம், நெற்றியெல்லாம் வியர்வை, உதட்டைக் கடித்தபடி, அதற்கடுத்து அடி தெரியாத பள்ளம், மறுபடி கால், மறுபடி மச்சான். பார்க்கிறவன் என்ன நினைப்பான், அந்த முகத்துக்குக் கீழே அந்தக் கால்தான் இருக்கிறது என்றுதானே நினைப்பான், நடுவில் வயிறும் இடுப்பும் எங்கே போயின என்று டிவி பார்க்கிறவன் எவன் கேட்டான். இத்தனை வருஷம் சோறு போட்டு வளர்த்த கால், சொல்லாமல் கொள்ளாமல் மச்சான் உடம்பில் போய் ஒட்டிக்கொண்டுவிட்டது. அவர் தரையில் நீட்டியிருந்த வலது காலை மெல்ல ஸ்டூலுக்கு அடியில் இழுத்துக்கொண்டார், திருட்டு நகையை மறைக்கிறவர் மாதிரி, பிறகு, நான் எதற்கு மறைக்கணும், என் கால்தானே என்று தோன்றி மறுபடி வெளியே நீட்டினார், கட்டைவிரலைக் கொஞ்சம் ஆட்டிக்கூடக் காட்டினார். ஒருத்தரும் பார்க்கவில்லை.

எப்படிப் பார்ப்பார்கள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ‘விளிம்பில் வீரர்கள்’ ஓடும்போது இந்த வீட்டில் கூரை இடிந்து விழுந்தாலும் விளம்பரம் வந்த பிறகுதான் தூசி தட்டுவார்கள். மலைப்பாதையில் லாரி ஓட்டுகிறவர்களைப் பற்றிய நிகழ்ச்சி. கை வைத்த நாற்காலி ஒன்றுதான் உண்டு வீட்டில், அது அவருடையது, அதில் இன்றைக்கு மச்சான், மனைவியின் தம்பி, இரண்டு பேரும் ஒரே லாரியை மாற்றி மாற்றி ஓட்டுகிறவர்கள். அவன் காலடியில் பாயில் மனைவி. ஜன்னலோரம் பக்கத்து வீட்டுத் தையல்காரர், கழுத்தில் இஞ்சு டேப்பைக் கழற்ற மறந்து. கதவோரம் பிளாஸ்டிக் ஸ்டூலில் வீட்டுக்காரர், அதாவது அவர், வீட்டு வாடகை அவர் பேரில்தான் போகிறது, நம்பித்தான் ஆகவேண்டும். “ஒரு பக்கம் மலை! மறுபக்கம் மரணம்! நடுவில் ஒரே ஒரு மனிதன்!” என்று டிவியில் ஒரு குரல் அடிவயிற்றிலிருந்து முழங்கியது... ஒரே ஒரு மனிதனா, யாருடா சொன்னது, இரண்டு பேர் இருந்தோம், ஒருத்தன் ஓட்டினான், இன்னொருத்தன் பக்கத்து சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு அக்கா அக்கா என்று முனகிக்கொண்டிருந்தான்.

அது மூக்கு வளைவு, பாறை ஒன்று மூக்கு மாதிரி பாதைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும், லாரியின் தலை அதில் இடிக்காமல் ஒதுங்கினால் வெளிப்பக்கச் சக்கரம் பாதி அந்தரத்தில் நிற்கும், இறக்கம் வேறு, படம் எடுத்த அன்றைக்கு மழை வேறு, பின்னால் சிமெண்ட் மூட்டை மலை மாதிரி. ஸ்டியரிங் மச்சான் கையில்தான் இருந்தது, வளைவுக்கு முன்னால் வரைக்கும். அங்கே வண்டியை நிறுத்திவிட்டு, “மாமா, என்னால ஆகாது, கை உதறுது, நீங்க வாங்க” என்றான். பின்சீட்டில் முட்டியை மடக்கி உட்கார்ந்திருந்த கேமராக்காரருக்கு அல்வா கிடைத்த மாதிரி இருந்திருக்கும், முகத்துக்கு ஒரு கேமரா, பெடலுக்கு ஒரு கேமரா என்று குட்டிக் குட்டியாக ஒட்டியிருந்தார், மாமாவும் மச்சானும் ஒருத்தர் மேல் ஒருத்தர் ஏறி இடம் மாறியதும் முகத்துக் கேமராவை மச்சான் பக்கமே திருப்பிவிட்டார். ஏன் என்று பிறகு டைரக்டர் அம்மா பக்குவமாகச் சொன்னார், “சார், தப்பா எடுத்துக்காதீங்க, உங்க முகத்துல ஒண்ணுமே நடக்கல. பஸ்ஸுக்குக் காத்துட்டு இருக்கிறவர் மாதிரி இருக்கீங்க. கொஞ்சம் பயந்த மாதிரி ஒரு தடவை பண்றீங்களா?” அடிவாரத்தில் நிறுத்தின வண்டிக்குள் உட்கார்ந்து பண்ணியும் பார்த்தார், கண்ணை உருட்டி, வாயைத் திறந்து, கேமராக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, “சார், தும்மல் வர்ற மாதிரி இருக்கு” என்றார். லாரி ஸ்டாண்டில் அவருக்குத் தூங்குமூஞ்சி என்று சும்மாவா பேர் வைத்தார்கள். கடைசியில் அவரே பெரிய மனசு பண்ணி, “யார் மூஞ்சி வந்தா என்ன மாப்ள, வண்டி வந்து சேர்ந்துச்சில்ல” என்று சொல்லித் தொலைத்தார். பெரிய மனசு டிவியில் முன்னோட்டம் ஓடுகிற வரைக்கும்தான் தாங்கும் என்று அப்போது தெரியவில்லை.

பிறகுதான் ஆரம்பித்தது. பெட்ரோல் பங்கில் மச்சானோடு நின்று படம் எடுக்கிறார்கள், எடுத்துக் கொடுக்க போனை இவர் கையில் கொடுக்கிறார்கள். மெக்கானிக், இவருடைய காலைப் பதினாறு தடவை மிதித்துத் தாண்டிப் போனவர், மச்சான் வந்ததும் வண்டிக்கு அடியிலிருந்து எழுந்து கையைத் துடைத்துக்கொள்கிறார். போகட்டும், பங்கும் மெக்கானிக்கும் நாசமாய்ப் போகட்டும். இந்த நகத்துக்கு வெந்நீர் ஊற்றி, துணி சுற்றி, பத்து நாள் செருப்பு போடவிடாமல் பண்ணினவள் இதோ பாயில் உட்கார்ந்திருக்கிறாளே, இவளுக்குமா தெரியவில்லை? அவருக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. திரையில் கால் வரும்போது அவள் ஒரு தடவை, ஒரே தடவை, திரும்பித் தன்னைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். சத்தம் போட்டுச் சொல்லவெல்லாம் வேண்டாம், புருவத்தை உயர்த்தினால் போதும்... அதோ மறுபடி வருகிறது, பார், இப்போது பார்...

“தம்பி, அந்தக் காலைப் பாருங்க!” என்று கத்தினது தையல்காரர். “நானும் காலால பொழைக்கிறவன்தான், அதனால சொல்றேன். அழுத்தவும் இல்ல, விடவும் இல்ல, பட்டுத் துணியில தையல் ஓடுற மாதிரில்ல மிதிக்கிறீங்க!”

ஐயோ, என்ன ஒரு பாராட்டு, இத்தனை வருஷத்தில் அந்தக் காலுக்கு யாராவது இப்படிச் சொல்லியிருப்பார்களா, போயும் போயும் அது போய்ச் சேர்ந்த விலாசம்... அந்த நிமிஷம் அவருக்கு மச்சான் மேல்கூட அத்தனை எரிச்சல் வரவில்லை, கால் மேல் வந்தது, எவ்வளவு சொகுசாக டிவியில் உட்கார்ந்து பேர் வாங்குகிறது, சொந்தக் காலைப் பார்த்துப் பொறாமைப்பட்ட முதல் டிரைவர் நானாகத்தான் இருக்கும், இதற்கு ஒரு நிகழ்ச்சி எடுங்களேன் பார்ப்போம்.

“அவன் கால் சின்ன வயசுலேயே அப்படித்தான்,” என்றாள் மனைவி பெருமையாக. “மத்த பிள்ளைங்கல்லாம் தவழ்றப்பவே இவன் எந்திரிச்சு நடந்துட்டான்.” பிறகு, ஏதோ நினைவு வந்தவளாய்க் கதவுப் பக்கம் திரும்பி, “ஆமா, நீங்க அப்ப எங்க இருந்தீங்க?” என்றாள்.

“பக்கத்துலதான்.”

“தூங்கிட்டா?”

தையல்காரர் சிரித்த சிரிப்பில் இஞ்சு டேப் நழுவி விழுந்தது. இவரும் சிரித்தார், சிரிக்காவிட்டால் வேறு என்ன செய்வது. மச்சான் மட்டும் சிரிக்கவில்லை. நாற்காலியின் கையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தவன் சட்டென்று எழுந்தே விட்டான். “அக்கா, போதும். அந்தக் கால் என்னுது இல்ல. வளைவுல ஓட்டினது மாமா. நான் பக்கத்து சீட்ல உன் பேரச் சொல்லி அழுதுட்டு இருந்தேன். அதைத்தான் படம் புடிச்சாங்க.”

சரியாக அப்போது விளம்பரம் வந்தது, யாரோ பளிச்சென்ற பற்களோடு ஓடிவந்து சிரித்தார்கள். அவர் முதுகை நிமிர்த்திக்கொண்டார். வந்துவிட்டது, கேட்காமலே வந்துவிட்டது, மச்சான் நல்லவன், தங்கம், இனிமேல் அவனை ஒரு வார்த்தை தப்பாக நினைத்தால் என்னைச் செருப்பால்... தையல்காரர் வாயைப் பிளந்து இவர் காலையே பார்த்தார். மனைவியும் பார்த்தாள், காலை, பிறகு முகத்தை.

“அதான பார்த்தேன்,” என்றாள், பால் பொங்கி வழிவதற்குள் அடுப்பை அணைத்தவள் மாதிரி. “இவர்தான் ஓட்டுறார்னு தெரிஞ்சிருந்தா நான் பயப்படாம அப்பவே எந்திரிச்சுப் போய்த் துணி மடிச்சிருப்பேன். இவருக்கென்ன, கல்லு.” அவ்வளவுதான், தம்பி பக்கம் திரும்பிவிட்டாள், கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள், அவன் தலையைத் தடவினாள். “நீ எப்படிடா தாங்கின? ஏன்டா எங்கிட்ட சொல்லல? பாவம்டா, என் பேரைச் சொல்லியா அழுத?” அவள் குரல் உடைந்தது. மச்சான் மூக்கை உறிஞ்சினான். தையல்காரர்கூட, “பயம் வந்தா வந்ததுதான் தம்பி, மனுஷன்தானே” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவருக்குப் புரியவில்லை. நியாயப்படி இப்போது பொறாமை தீர்ந்திருக்க வேண்டும், கால் வீடு வந்து சேர்ந்துவிட்டது, பேர் வந்துவிட்டது, ஆனால் அது குறையவில்லை, ஏறியிருந்தது, அவள் விரல்கள் அவன் தலைமுடிக்குள் போய்வருவதைப் பார்க்கப் பார்க்க ஏறியது. மலையிலிருந்து இறங்கி வீட்டுக்கு வருகிற ஒவ்வொரு தடவையும் இவரிடம் என்ன கேட்பாள், சாப்பிட்டீங்களா, டயர் தேவலையா, அழுக்குத் துணியை எடுத்து வெளியே போடுங்க. பயமா இருந்துச்சா என்று ஒரு தடவையாவது... கேட்டாளே, கல்யாணம் ஆன புதிதில் கேட்டாள், இவர்தான் மாப்பிள்ளை முறுக்கில் பெரிதாகக் கொட்டாவி விட்டுக் காட்டினார், அவள் நம்பிவிட்டாள், ரொம்ப நன்றாக நம்பிவிட்டாள். சரி, நிஜமாகவே பயம் இல்லையா தனக்கு? மூக்கு வளைவில் என்ன நினைத்தோம்? ஒன்றும் நினைவில்லை, பாறையின் ஈரம், வைப்பரின் சத்தம், மச்சானின் அக்கா அக்கா... அவனை அதட்டி வாயை மூடச் சொல்லாமல் விட்டது எதற்காக? அவன் அந்தப் பேரை இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருந்ததாக ஒரு நினைப்பு அப்போது வந்ததா, இல்லை இப்போதுதான் வருகிறதா...

விளம்பரம் முடிந்து வளைவை மறுபடி காட்டினார்கள், இவர்கள் எதையும் ஒரு தடவை காட்டி விடுகிறவர்கள் இல்லையே, இந்த முறை மெதுவாக, இசையெல்லாம் நிறுத்தி. கால் வந்தது. பிரேக் மேல் விரல்கள் அசையாமல், அழகாக, தையல்காரர் சொன்ன மாதிரியே. ஆனால் குதிகால்... அவர் ஸ்டூலில் முன்னால் குனிந்தார். குதிகால் ஆடிக்கொண்டிருந்தது. பொடிப்பொடியாக, கொதிக்கிற பாத்திரத்தின் மூடி மாதிரி. இன்ஜின் அதிர்வாக இருக்குமோ, இன்ஜின் அதிர்ந்தால் பெடலும் சேர்ந்துதானே ஆடும், பெடல் சும்மா இருக்கிறதே... ஊரே பார்க்க, பெரிதாக, மெதுவாக ஆடுகிறது, பார்க்க வேண்டியவள் முதுகைக் காட்டிக்கொண்டு தம்பிக்கு மூக்குத் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

“இங்க பாரேன்,” என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. “காலைப் பாரு.”

அவள் திரும்புவதற்குள் திரையில் மேகமும் பள்ளமும் வந்துவிட்டன. அவள் திரையைப் பார்க்கவும் இல்லை, காலைப் பாரு என்றதும் குனிந்து தரையைத்தான் பார்த்தாள், ஸ்டூலுக்கு முன்னால் அவர் நீட்டியிருந்த நிஜக் காலை. அது ஒரு தப்பும் தெரியாத பிள்ளை மாதிரி அசையாமல் கிடந்தது.

“ஏங்க,” என்று கேட்டாள், தம்பியின் தலையிலிருந்து கையை எடுக்காமலே, “வலிக்குதா?”

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார்.