ஒற்றை வாசல் கோட்டை

இருட்டுக்கோட்டையை ஆண்ட கொடுங்கோலர்கள் முதலில் மூன்றே பேர்தான். ஊரில் ஒரு வீட்டிலும் விளக்கு எரியக் கூடாது என்றவன் ஒருவன். குடிமக்களின் பெயர்களைப் பிடுங்கித் தின்று கொழுத்தவன் இன்னொருவன். சிரிப்புச் சத்தம் கேட்டால் சிரித்த ஆளைச் சுவருக்குள் வைத்துப் பூசிவிடுகிறவன் மூன்றாமவன். இரண்டே வருஷத்தில் இந்த மூன்று பேர் ஏழு பேராகப் பெருகினார்கள் என்றால் அதற்கு முழுக் காரணம் இன்பராஜ்தான்.

இன்பராஜ் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தோல் வெட்டுகிறவன். திங்கள் முதல் சனி வரை சூப்பர்வைசர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுவான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு மட்டும் ஒரு உலகத்துக்கே கடவுளாகிவிடுவான். ஷூ அடிப்பாகம் விற்கும் நயீம் அகமதுவின் கடை மாடியில், கட்டில் அகலத்துக்கு ஒரு பலகை. அதன்மேல் வெட்டி மிஞ்சிய கறுப்புத் தோலை ஒட்டி அவன் கட்டிய கோட்டை நகரம். கதையை இவன் சொல்வான். நயீம் பாயும் இன்னும் இரண்டு பேரும் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, உள்ளே அடைபட்ட ஜனங்களை மீட்கப் பார்ப்பார்கள். ஜெயித்ததா தோற்றதா என்று இழுபறி வந்தால் பகடை உருட்டுவார்கள்.

கணியம்பாடிக்காரன் இன்பராஜ். வேலூர் கோட்டையைச் சுற்றிப் போகும் டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அகழித் தண்ணீரைப் பார்த்துப் பார்த்தே பள்ளிக்கூடம் போனவன். அதனால் கோட்டை என்றால் அவனுக்குக் கை தானாக ஓடும். ஆனால் அந்தக் கைக்கு ஒரு வியாதி உண்டு. இடது காலுக்கு ஒரு துண்டு வெட்டினால், அளவு அட்டையைப் புரட்டிப்போட்டு வலது காலுக்கு ஒன்று வெட்டாமல் கத்தியைக் கீழே வைக்காது. பன்னிரண்டு வருஷப் பழக்கம். நாலு கோபுரம் போதும் என்று உட்கார்ந்தான், எட்டு வந்தது. ஒரு மணிக்கூண்டு இரண்டானது, ஒரு சிறைச்சாலை இரண்டானது. நல்ல தோலை எறிய மனசு வருமா? எல்லாவற்றையும் ஒட்டிவைத்தான். ஊர் பெரிதானதுதான் மிச்சம்.

வாசல் மட்டும் ஒன்று. கோட்டையின் பலமே அதுதான். அந்த ஒரு வாசலில் ஏழு கொடுங்கோலர்களின் சேனையும் நின்றால் யார் நுழைய முடியும்? நயீம் பாயின் தளபதி அங்கே பதினோரு தடவை மோதி பதினோரு தடவையும் அடிவாங்கித் திரும்பியிருக்கிறார். வேலூரில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் குடியாத்தத்துப் பெண் தீபலட்சுமி வில்லாளி. அவள் அம்பெல்லாம் அகழியோடு சரி. மூன்றாவது ஆள், பூட்டுத் திறக்கும் திருடி. அது ஹெலன். இன்பராஜ் வெட்டும் தோலைத் தைக்கிற ஸ்டிச்சிங் செக்‌ஷனில் வேலை.

தீபலட்சுமி இன்பராஜை அண்ணா என்பாள். கம்பெனியில் அவனைவிட ஒரு மாதம் இளையவர்கள்கூட அண்ணா என்பார்கள். ஹெலன் இந்த இரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட அப்படிக் கூப்பிட்டதில்லை. இன்பராஜ் என்று முழுப் பெயரைச் சொல்லி, நீங்க என்பாள். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு அவன் எத்தனை ராத்திரி சந்தோஷமாகத் தூங்கியிருக்கிறான் என்பது அவனுக்கே வெட்கம். வாயைத் திறந்து ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கோட்டை விழுந்தால் கதை முடிந்துவிடும், கதை முடிந்தால் ஹெலன் ஞாயிற்றுக்கிழமை இந்த மாடி ஏறமாட்டாள் என்ற பயத்தில், புதிது புதிதாகக் கொடுங்கோலர்களைப் பெற்றுப் போட்டுக்கொண்டிருந்தான். வீரம் அப்படி.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாடி ஏறியதும் ஏறாததுமாக நயீம் பாய் ஒரு குண்டைப் போட்டார்.

"தோ பார் இன்பா, ரெண்டு வருஷமாச்சு, பேஜாராப் போச்சு. இன்னிக்குக் கோட்ட விழலன்னா நான் ஆட்டத்துக்கு வர்றதில்ல. நீங்க மூணு பேரும் எங்கியாச்சும் போய் ஆடிக்குங்க."

தீபலட்சுமியும் தலையாட்டினாள். குடியாத்தத்திலிருந்து பஸ் ஏறி வந்து தோற்றுப்போவதற்கு வீட்டிலேயே தூங்கலாம் என்றாள். இன்பராஜுக்குக் கோட்டை விழுந்தாலும் ஞாயிற்றுக்கிழமை போச்சு, விழாவிட்டாலும் போச்சு. சட்டைப்பையில் எட்டாவது கொடுங்கோலனை வெட்டித் தயாராக வைத்திருந்தான். அதை வெளியே எடுக்கக் கை வரவில்லை.

ஆட்டம் தொடங்கியது. தளபதி வழக்கம்போல வாசலில் மோதி பன்னிரண்டாவது முறையாக விழுந்தார். வில்லாளிக்கு அம்பு தீர்ந்தது. ஹெலன் மட்டும் தன் முறை வந்தும் பகடையைத் தொடாமல், மோவாயில் கை வைத்துப் பலகையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். சர்ச்சுக்குக் கட்டிப்போன நீலப் புடவையை இன்னும் மாற்றவில்லை. கோபுரங்களை விரலால் எண்ணினாள். மணிக்கூண்டுகளை எண்ணினாள். பிறகு வாசலில் ஒட்டியிருந்த தோல் கதவை உற்றுப் பார்த்தாள். கம்பெனியில் தையல் லைனில் வந்து விழுகிற துண்டு இடதா வலதா என்று பார்ப்பாளே, அதே பார்வை.

"இங்க எல்லாமே ரெண்டு ரெண்டா இருக்குது. இந்தக் கதவு எடது கால். வலது எங்க?"

இன்பராஜ் அதெல்லாம் இல்லை, கோட்டைக்கு ஒரே வாசல் என்றான். சொல்லும்போதே அவனுக்கு ஞாபகம் வந்துவிட்டது. வெட்டிய கை சும்மா இருக்கவில்லை. வலது கதவையும் பின்சுவரில் அதே இடத்தில் ஒட்டிவிட்டு, அப்புறம்தான் தப்பைப் பார்த்தான். பிய்த்தால் சுவர் கிழியும் என்று அதன்மேல் ஒரு கார்க் பாறையை ஒட்டி மறைத்தான். இரண்டு வருஷத்தில் அதைச் சுத்தமாக மறந்தும் போயிருந்தான்.

"நீங்க வெட்டுறத நாலு வருஷமா தைக்கிறேன், இன்பராஜ். ஒத்தையா ஒன்னு உங்க கையிலேர்ந்து வந்து நான் பாத்ததில்ல."

தன் திருடி பின்பக்கம் போய்ப் பாறையைத் தள்ளுகிறாள் என்று அறிவித்துவிட்டு, ஹெலன் நகத்தால் கார்க்கை நெம்பினாள். பழைய பசை பட்டென்று விட்டது. உள்ளே, தூசி படாமல், நேற்று வெட்டியதுபோலப் பளபளவென்று ஒரு கதவு.

நயீம் பாய் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். பலகையில் இருப்பது உலகத்தில் உண்டு, இல்லாதது இல்லை என்பது முதல் வாரமே இன்பராஜ் போட்ட சட்டம். பலகையில் இல்லாத ஒரு குதிரையில் நயீம் பாய் ஏறப் பார்த்தபோது போட்டது. ஆனாலும் கடவுள் நினைத்தால் வழியா இல்லை? அந்தக் கதவுக்குப் பின்னால் கற்சுவர் என்று சொல்லலாம். சட்டைப்பையில் எட்டாவது ஆள் காத்திருக்கிறான், அவனைக் காவலுக்கு நிறுத்தலாம். இன்பராஜ் ஹெலனைப் பார்த்தான். பரிசு வாங்கப்போகும் குழந்தை மாதிரி முகம் நிறைய சந்தோஷத்தோடு அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை ஏமாற்றி அவனுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையும் வேண்டியிருக்கவில்லை.

கதவு திறந்துகொண்டது என்றான்.

அப்புறம் அரை மணி நேரம் மாடி அதிர்ந்தது. பின்வாசல் வழியாக மூவரும் புகுந்தார்கள். முன்வாசலில் சேனையோடு நின்ற ஏழு பேரும் திரும்பிப் பார்ப்பதற்குள் இரண்டு சிறைகளும் திறந்துவிட்டன. வீட்டுக்கு வீடு விளக்கு எரிந்தது. பெயர் தின்றவன் தின்ற பெயர்களையெல்லாம் கக்கிவிட்டு ஓட, ஜனங்கள் தங்கள் தங்கள் பெயரைப் பொறுக்கிக்கொண்டு சிரித்தார்கள். இவ்வளவு நன்றாக இன்பராஜ் என்றைக்கும் கதை சொன்னதில்லை. இதுதான் கடைசிக் கதை என்ற துக்கம்தான், வேறொன்றும் இல்லை.

டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று நயீம் பாய் இறங்கினார். பஸ்ஸைப் பிடிக்கத் தீபலட்சுமியும் கூடவே ஓடினாள், அடுத்த வாரம் எந்த ஊர் என்று கேட்டுக்கொண்டே. இன்பராஜ் பொம்மைகளைப் பொறுக்க ஆரம்பித்தான். சட்டைப்பையிலிருந்து எட்டாவது கொடுங்கோலன் நழுவி ஹெலன் காலடியில் விழுந்தான். ஒருவனை வெட்டிய கை அவனுக்கு ஜோடியையும் வெட்டியிருந்தது. அவனோடு ஒட்டிக்கொண்டிருந்த ஒன்பதாவது ஆள் பின்னாலேயே விழுந்தான்.

ஹெலன் இரண்டையும் எடுத்துப் பார்த்தாள். கையும் களவுமாகப் பிடிபட்ட இன்பராஜ் தலையைக் குனிந்துகொண்டான். கோட்டை விழுந்தால் நீங்க வரமாட்டீங்கன்னு பயம் என்று கடைசியில் சொல்லியே விட்டான். குரல் அவனுக்கே கேட்கவில்லை.

ஹெலனுக்குக் கேட்டிருக்கிறது. அவள் சிரிக்கவில்லை. பின்சுவரில் இருந்த கதவை மெல்லப் பிய்த்து, கைக்குட்டையில் வைத்து மடித்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். சுவர் கொஞ்சம் கிழிந்தது. அதைப் பற்றி இரண்டு பேருமே கவலைப்படவில்லை.

"எடது உங்ககிட்ட இருக்கட்டும், வலது என்கிட்ட இருக்கட்டும். ஒத்தைய வச்சிக்கினு நம்ம லைன்ல யாரு இன்னா பண்ண முடியும்? ஞாயித்துக்கெழம வர்றேன். கோட்ட இருந்தாலும் வர்றேன், இல்லன்னாலும் வர்றேன்."