கடைசிக் காட்சியில் ஓடியவள்

நான் கோபக்காரி. ஸ்டுடியோவில் எல்லோருக்கும் தெரியும். கார்ட்டூன் படங்களுக்கு வண்ணம் போடுவது என் வேலை. அப்பாவைப் பறிகொடுத்த ஒரு சின்னப்பெண் காட்டுக்குள் போய், மரங்கள் இலை உதிர்த்துத் துளிர்ப்பதைப் பார்த்து மனம் தேறுகிற கதை வந்தபோது, அவள் கறுப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். தயாரிப்பாளர், "மாநிறமா வச்சுக்கலாமே" என்று இழுத்தார். "குழந்தைங்க படத்துல கறுப்பா வர்றது காக்கா மட்டும்தானா சார்?" என்று கேட்டேன். மனிதர் சம்மதித்துவிட்டார்.

என் மகள் கறுப்பு. அப்படியே அப்பாவை உரித்து வைத்திருப்பாள். அவர் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. இன்னமும் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தால் அழுகிறாள். இந்தப் படமாவது அவளைத் தேற்றாதா என்று எனக்கு ஒரு நப்பாசை. அவளை எதிரில் உட்கார வைத்து, கன்னத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் அந்த நிறத்தைக் கலந்தேன்.

போன சனிக்கிழமை, வேலை செய்கிறவர்களின் குழந்தைகளைக் கூப்பிட்டுப் படத்தைப் போட்டுக் காட்டினோம். வாலு (வீட்டில் என் மகளுக்கு அதுதான் பெயர்) நாற்காலி நுனியில் உட்கார்ந்து பார்த்தாள். முடிவில் காடே பூத்துக் குலுங்க, அந்தப் பெண் சிரித்துக்கொண்டே ஓடினாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

"கடைசில ஓடுறது யாரும்மா?"

"என்னடி கேள்வி? அதே பொண்ணுதான்."

"இல்ல. அது வேற பொண்ணு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சுள்ளென்று வந்தது. இவ்வளவு மெனக்கெட்டது யாருக்காக? "படம் பார்த்தியா, தூங்கினியா?" என்று சத்தம் போட்டேன். அன்றைக்குச் சாப்பிடும்போது வழக்கத்தைவிட அதிகமாக அழுதாள்.

திங்கட்கிழமை முதல் காட்சியையும் கடைசிக் காட்சியையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பகீரென்றது. எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. சோகம் என்றால் வெளிச்சத்தை இறக்கு, சந்தோஷம் என்றால் ஏற்று. இலை, தண்ணீர், வானம் எல்லாவற்றையும் ஏற்றிய கையோடு பெண்ணையும் சேர்த்து ஏற்றியிருக்கிறேன். தயாரிப்பாளர் கேட்ட மாநிறத்தையும் தாண்டி வெளுத்துப்போய் ஓடிக்கொண்டிருந்தாள். வேறு யாராவது செய்திருந்தால் கிழி கிழியென்று கிழித்திருப்பேன். செய்தது நான். யாரைத் திட்டுவது?

பெண்ணை மட்டும் பழைய நிறத்துக்கே மாற்றிவிட்டு டைரக்டரைக் கூப்பிட்டேன். என்னைவிடச் சின்னவள், அந்தப் பெண்ணின் நிறத்துக்காக என்னோடு சேர்ந்து மல்லுக்கட்டியவள். வெகுநேரம் பார்த்தாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இப்ப அவ சந்தோஷமா இருக்கிற மாதிரி தெரியலையே."

"சிரிக்கிறாளே?"

"சிரிக்கிறா. ஆனா..."

நானும் பார்த்தேன். வெட்கக்கேடு, எனக்கும் அப்படித்தான் பட்டது. படத்தில் கோளாறா, எங்கள் கண்ணிலேயே கோளாறா? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது. "இப்படியே இருக்கட்டும்" என்று வீம்பாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

வாலு நாத்தனார் வீட்டில் இருந்தாள். வாசலிலேயே சொன்னேன்:

"அந்தப் பொண்ண மாத்திட்டேன்டி. இனிமே கடைசி வரைக்கும் உன் கலர்தான். சிரிச்சுக்கிட்டே ஓடுறா. நீயும் அழக்கூடாது, சரியா?"

முடியாது என்று தலையை ஆட்டினாள்.

"ஏன்டி?"

"அவ அழுகைய நிறுத்தினதும் வெள்ளையாயிட்டா. அவளுக்கு நீ திரும்பப் பெயிண்ட் பண்ணிட்டே. எனக்குக் கலர் போச்சுன்னா போனதுதானே?" என்றவள், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். "இது அப்பா கலரும்மா."