மூவரும் ஒரே வீட்டில்

குழந்தைகள் நல அலுவலகத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் ‘ஆராய்ச்சி’. குழந்தைகள், இளைஞர், குடும்பங்களுக்கான சமூகக் கொள்கை என்று நீட்டி முழக்கிய ஒரு முதுகலைப் படிப்பின் கடைசி ஆண்டில் களப்பயிற்சிக்காக வந்தவள். வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. “இந்த வயசுல படிச்சு என்னத்தக் கிழிக்கப்போற?” என்று கேட்டவர்களுக்கெல்லாம் கிழித்துக் காட்டுவது என்று கங்கணம் கட்டிக்கொண்டிருந்தாள்.

உடன்பிறந்தவர்களைப் பிரிக்கக் கூடாது என்பதுதான் அவளுடைய ஆய்வேடு. ஆதரவற்ற பிள்ளைகளை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்க்கும்போது, இடமில்லை என்று அண்ணனை ஒரு வீட்டிலும் தங்கையை வேறொரு வீட்டிலும் விடுகிறார்களே, அந்த வழக்கத்தைப் பக்கம் பக்கமாகப் போட்டுத் தாளித்திருந்தாள். அதற்குச் சொந்தக் காரணமும் உண்டு. தாயில்லாத வீட்டில் அவளைத் தூக்கி வளர்த்தது அக்காதான். அந்த அக்காவை விட்டுப் பிரித்திருந்தால் என்ன ஆகியிருப்போம் என்று அவள் நினைத்துப் பார்க்காத நாளில்லை.

அந்தச் சமயத்தில்தான் அந்த மூன்று பிள்ளைகள் வந்தார்கள். பெரியவளுக்குப் பதின்மூன்று வயது. அடுத்தது ஆறு வயதில் இரட்டைப் பிள்ளைகள், ஒரு பையன், ஒரு பெண். அம்மா இறந்துவிட்டாள், அப்பா போன இடம் தெரியவில்லை. மூன்று பேரையும் சேர்த்து ஏற்றுக்கொள்ள ஒருவரும் முன்வரவில்லை. ஆராய்ச்சி விடுவாளா? நாயாய்ப் பேயாய் அலைந்து, தொலைபேசியில் தொண்டை வற்றக் கெஞ்சி, ஒரு தம்பதியைப் பிடித்தே விட்டாள்.

“சரியான விடாக்கண்டன்மா நீ” என்றார் மேற்பார்வையாளர். “பிள்ளைங்களக் கேட்டியா?”

“கேக்காம இருப்பேனா சார்? மூணு பேரையும் பக்கத்துல பக்கத்துல உக்காரவெச்சுக் கேட்டேன். சேர்ந்துதான் இருக்கணும்னு சொல்லிட்டாங்க.”

பிரிக்கக் கூடாது என்றவள், கேள்வி கேட்பதற்குக்கூடப் பிரிக்கவில்லை. ஆய்வேடு எழுதுகிறவர்களுக்கு மட்டுமே வாய்க்கும் தவறு அது.

பிள்ளைகளை எங்கே விடுவது என்று குழந்தைகள் நலக் குழு கூடி முடிவெடுப்பதற்கு முந்தின நாள் மாலை, பிள்ளைகளைத் தற்காலிகமாகத் தங்கவைத்திருந்த விடுதிக்கு நல்ல சேதி சொல்ல ஓடினாள். இரட்டையர்கள் வெளியே ஆட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பெரியவள் மட்டும் கட்டிலில் உட்கார்ந்து அவர்களுடைய துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். சேதியைக் கேட்டதும் “ம்” என்றாள். மடித்த சட்டையைப் பிரித்து மறுபடியும் மடித்தாள்.

“என்னடா கண்ணு, சந்தோஷம் இல்லையா?”

“ஆன்ட்டி, அந்த வீட்டுக்கு அவங்க ரெண்டு பேர் மட்டும் போனாப் போதாதா?” சட்டையின் மடிப்பை நீவிவிட்டாள். “திட்டாதீங்க. எனக்கு அவங்கன்னா உயிரு. ஆனா நான் கூட இருந்தா அந்த வீட்டு அம்மாகிட்ட ஒட்டவே மாட்டாங்க. பசிச்சாலும் என்கிட்டதான் வருவாங்க, ராத்திரி பயந்தாலும் என்கிட்டதான். காலைல என்னைய யாராவது எழுப்பிவிடணும் ஆன்ட்டி. தினமும் நான்தான் எல்லாரையும் எழுப்புறேன்.” சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். “நான்தான் இப்படிச் சொன்னேன்னு தெரிஞ்சா அவங்க தாங்க மாட்டாங்க.”

ஆராய்ச்சிக்கு ஒரு கணம் எழுதிய ஆய்வேடுதான் கண்முன் வந்தது. அதற்காகத் தன்மேலேயே அவளுக்கு வெறுப்பு வந்தது. பெரியவளை இழுத்து அணைத்துக்கொண்டு, “தெரியாது. தெரியவிடமாட்டேன்” என்றாள்.

பேருந்து நிறுத்தத்தில் நின்று அக்காவுக்குப் போன் போட்டாள்.

“அக்கா, சின்ன வயசுல என்னைய விட்டுட்டு எங்கயாவது ஓடிப்போயிடலாம்னு உனக்குத் தோணியிருக்கா?”

எதைக் கேட்டாலும் பட்டென்று பதில் சொல்கிற ஆள் அக்கா.

“இப்ப எதுக்குடி அதெல்லாம்?” என்றாள். “சாப்ட்டியா?”

அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது. நிறுத்தத்தில் நின்றவர்கள் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல் அழுதாள்.

மறுநாள் குழுவின் முன்னால் எழுந்து, தான் சொன்னது தவறு என்றாள். இரட்டையர்கள் அந்தத் தம்பதியிடம் போகட்டும், பெரியவளை, பக்கத்துத் தெருவில் ஒரு பிள்ளைக்கு மட்டும் இடம் தருவதாகச் சொல்லியிருந்த நர்ஸ் அம்மாவிடம் விடலாம், நினைத்தபோது பார்த்துக்கொள்ளலாம். குழு தலையாட்டியது.

“அப்ப உன் ஆய்வேடு?” என்றார் மேற்பார்வையாளர்.

“முதல்லேர்ந்து எழுதணும் சார். பட்டம் தள்ளிப்போகும். போகட்டும்.”

“பிள்ளைங்ககிட்ட யாரு சொல்றது?”

“நான்தான்.”

இரட்டையர்களின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சொன்னாள். பையன் ஓவென்று அழ ஆரம்பித்தான். சின்னவள் அழவில்லை. அக்காவைத் திரும்பிப் பார்த்து, “நீ வர மாட்டேன்னு சொன்னியா?” என்றாள்.

பெரியவளின் முகம் வெளுத்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் ஆராய்ச்சி முந்திக்கொண்டாள்.

“அவ உங்ககூடத்தான் இருப்பேன்னு ஒரே அடம். நான்தான் கூடாதுன்னு சொல்லிட்டேன்.”

சின்னவள் பாய்ந்து வந்தாள். “உங்களப் பிடிக்கல! போங்க!” என்று கத்திக்கொண்டே தோளிலும் நெஞ்சிலும் அடித்தாள். சின்னக் கைதான், ஆனாலும் வலித்தது. ஆராய்ச்சி தடுக்கவில்லை.

பெரியவள் ஓடிவந்து தங்கையை இழுக்கப் பார்த்தாள்.

“நீ விடும்மா” என்றாள் ஆராய்ச்சி. “நான் பாத்துக்கறேன்.”

பெரியவள் தங்கையின் கையை விட்டாள். என்ன செய்வதென்று தெரியாமல் சிறிது நேரம் நின்றாள். பிறகு போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.