வாய்க்காலில் விட்ட ஆமை

தான் எழுதி வரைந்த படக்கதைப் புத்தகம் பதிப்பகத்திலிருந்து வந்ததும் அதன் முதல் பிரதியைச் செம்மொழி தன் தம்பி மகள் கவிப்ரியாவிடம்தான் கொடுத்தாள். அட்டையைப் பார்த்ததுமே குழந்தைக்குத் தெரிந்துவிட்டது.

"அத்தை, இது நான்தானே? இது நம்ம பொத்தான்!"

பொத்தான், அவர்கள் வீட்டுக் கிணற்றில் கிடந்த ஆமை. தண்ணீர் சுத்தமாக இருக்கும் என்று யாரோ சொல்லி, கவிப்ரியா பிறப்பதற்கு முன்பே அவள் அப்பா வளவன் கொண்டுவந்து போட்டது. வளவன் சிங்கப்பூர் போய் ஆறு வருடமாகிறது. கூடப்பிறந்தவர்கள் யாருமில்லாத அந்தப் பிள்ளை, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கிணற்றுச் சுவரில் மோவாயை வைத்துக்கொண்டு, பேனா தொலைந்தது, கூட்டாளிகள் சேர்த்துக்கொள்ளாதது எல்லாவற்றையும் ஆமையிடம்தான் சொல்வாள். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் செம்மொழிக்கு அந்தக் கதையே தோன்றியது. கதையில் சிறுமி தன் நண்பனை வாளியில் தூக்கி வாய்க்காலில் விட்டுவிடுகிறாள். அது நீந்திப் போய் ஆற்றில் மற்ற ஆமைகளோடு சேர்ந்துவிடுகிறது. கடைசி மூன்று பக்கங்களில் எழுத்தே கிடையாது. ஓரத்துக்கு ஓரம் நீலத் தண்ணீர்.

பொங்கல் கழிந்து ஒரு சனிக்கிழமை, பாவாடையெல்லாம் ஈரமாக வந்து நின்றாள் கவிப்ரியா.

"பொத்தான வாய்க்கால்ல விட்டுட்டேன் அத்தை. திரும்பிக்கூடப் பாக்கல. நேராப் போயிடுச்சு."

அழுதிருந்தாள். ஆனாலும் தலை நிமிர்ந்திருந்தது. செம்மொழி அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். திங்கட்கிழமை, தான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் மற்ற டீச்சர்களிடமெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தாள்.

அந்த வாரமே மேட்டூர் அணையை அடைத்துவிட்டார்கள். தை மாதம் பாதியில் அடைப்பது வழக்கம்தான். அறுவடைக்கு வயல் காயவேண்டுமென்று ஊரே காத்திருந்தது. அவளும் அதை ஒரு செய்தியாகக் கேட்டதோடு விட்டுவிட்டாள். சில நாள் கழித்து ஸ்கூட்டியில் மதகைத் தாண்டும்போது, வாய்க்காலில் மிஞ்சிய குட்டைகளைச் சுற்றிக் கொக்குகள் நிற்பதைப் பார்த்தாள். வண்டியை நிறுத்தினாள். இந்த மண்ணில் பிறந்து வளர்ந்தவள். வருஷா வருஷம் இந்த வாய்க்கால் வறண்டு வெடிப்பதைப் பார்த்தவள். வரையும்போது அது நினைவுக்கே வரவில்லை.

இரண்டு நாள் காலையில் கரையோடு நடந்து தேடினாள். இரண்டாம் நாள், பம்புசெட்டுக் கொட்டகைக்குப் பின்னால் வரப்போரம் மல்லாந்து கிடந்தது. தண்ணீர் தேடிக் கரையேறியிருக்க வேண்டும். ஓட்டின் விளிம்பை நாய்கள் கடித்து உடைத்திருந்தன. உள்ளே எறும்பு. புரட்டினால், ஓட்டின் நடுவில் கவிப்ரியா வைத்த சிவப்பு நெயில் பாலிஷ் பொட்டு அழியாமல் இருந்தது. கையாலேயே குழி தோண்டிப் புதைத்தாள்.

"பிள்ளைகிட்ட சொல்லிடாதீங்க அண்ணி," என்றாள் தம்பி மனைவி சுடர்விழி. "ஆத்துக்குப் போயிடுச்சுன்னே இருக்கட்டும்."

செம்மொழியும் சரி என்றுதான் தலையாட்டினாள். ஆனால் சாயங்காலம் கவிப்ரியா மடியில் வந்து உட்கார்ந்து, "இந்நேரம் அதுக்கு ஃப்ரெண்டு கெடச்சிருக்கும்ல அத்தை?" என்று கேட்டபோது, அந்தப் பொய் வாய்வரை வந்து நின்றுவிட்டது. நடந்ததைச் சொன்னாள். நாயை மட்டும் சொல்லவில்லை.

குழந்தை அழுவாள் என்று நினைத்தாள். அவள் அழவில்லை. மடியிலிருந்து மெல்ல இறங்கினாள்.

"தண்ணி நின்னுடும்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்டா."

"அப்பறம் ஏன் அவ்ளோ தண்ணி வரைஞ்ச?"

செம்மொழி அவளைத் தொடக் கையை நீட்டினாள்.

கவிப்ரியா செருப்பைக்கூடப் போடாமல் வெளியே போனாள். எதிர் வயலில் அறுவடை மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வைக்கோல் தூசு தெருவெல்லாம் பறந்தது. பின்னாலேயே போய்க் கூப்பிட்டாள் செம்மொழி. அவள் திரும்பவில்லை. வாய்க்காலுக்குள் இறங்கி, காயாத சேற்றில் கால் புதையப் புதைய, வேறு ஆமை ஏதாவது சிக்கிக் கிடக்கிறதா என்று ஒவ்வொரு பள்ளமாகக் குனிந்து பார்த்துக்கொண்டு, ஆறு இருக்கும் பக்கமாக நடக்க ஆரம்பித்தாள்.