கிருபைராஜின் சட்டை

சட்டையின் ஒரு கை சாலோமியிடமும் மறு கை கம்பவுண்டர் வேதமுத்துவிடமும் இருந்தது. பின்முற்றத்தில் பாயும் தலையணையும் எரிந்துகொண்டிருந்தன.

"விடு தங்கச்சி, தீயில போட்டுருவோம்."

"இத மட்டும் விட்டுருங்க அண்ணே. வென்னில அவிச்சிருதேன்."

அவிக்கிற எண்ணமே அவளுக்கு இல்லை. அவித்தால் வாசம் போய்விடுமே! முன்வீட்டில் அவள் புருஷன் கிருபைராஜ் கல்யாணக் கோட்டோடு சவப்பெட்டியில் கிடந்தான். அந்தக் கோட்டில் கற்பூர உருண்டைதான் மணத்தது. ஆறு வருஷம் பக்கத்தில் படுத்த மனுஷன் இந்தப் பழைய சட்டையில்தான் மணத்தான். பிள்ளையும் இல்லாத வீட்டில் வேறு எதைக் கட்டிக்கொண்டு அவள் கிடப்பாள்?

லண்டனில் ராஜாவுக்கு முடிசூட்டினால் இங்கே சபைக் கோயிலுக்கு வெள்ளையடிக்க வேண்டுமாம். அதற்காகக் கோயில் மச்சில் ஏறி வௌவால் புழுக்கை வாரினான் கிருபைராஜ். அசதிக்கு இந்தச் சட்டையைச் சுருட்டித் தலைக்கு வைத்து மத்தியானம் அங்கேயே தூங்கினான். அடுத்த வாரம் காய்ச்சல். ஐந்து நாளில் விட்டது. அவள் கொடுத்த கருப்பட்டிக் காப்பியைக் குடித்துவிட்டு, "பயங்காட்டிட்டேம்லா?" என்று சிரித்தான். எட்டு நாள் கழித்துத் திரும்பி வந்த காய்ச்சல் ஆளையே கொண்டுபோய்விட்டது.

அவன் ரத்தத்தைப் பெருக்கிக் காட்டும் கண்ணாடிக்கு அடியில் வைத்துப் பார்த்த வேதமுத்து, நூல் நூலாய் ஏதோ நெளிகிறது என்றார். வௌவாலைக் கடிக்கிற உண்ணிதான் அதைக் கொண்டுவந்திருக்கும் என்பது அவர் ஊகம்.

இப்போது சட்டைக் காலரின் மடிப்பைப் பிரித்துக் காட்டினார். மிளகுப் பருமனில் உண்ணி ஒன்று உப்பிப்போய் ஒட்டிக்கொண்டிருந்தது.

"நகத்தால நசுக்கிராத. அந்த ரத்தம் பட்டாலே ஆவாது."

"யாரு ரத்தம் அண்ணே?"

"வவ்வாலோடதா இருக்கும்."

"அவுகளோடதும் இருக்குமா?"

வேதமுத்து சட்டையை விட்டுவிட்டுத் தீயைக் கிளறினார்.

"பெட்டிய மூடப் போறாவ, வா சாலோமி!" என்று மதினி பாக்கியவதி உள்ளேயிருந்து கூப்பிட்டாள். சாலோமி சட்டையை மார்போடு அணைக்கப் போனாள். வேதமுத்து "ஏ தங்கச்சி!" என்று பதறினார். அவள் அதை எட்டப் பிடித்து, குழந்தைத் துணி மடிப்பதுபோல் மடித்து, தீயில் தானே வைத்தாள்.

துணி சுருண்டது. காலர் பக்கம் 'பட்'டென்று சின்னதாய் ஒரு சத்தம்.

சாலோமி குனிந்தாள்.

"சுடுதா உங்களுக்கு?" என்று மெல்லக் கேட்டாள்.